கை வைக்கக் கூடாத மோட்டார்

“அப்பா, இது போட்டி மோட்டாரு. வயரை வெட்டலாம், பின்னு மாத்தலாம். மூடியைத் திறந்தா மொத்த டீமும் வெளியே. இதுல மட்டும் கை வெச்சிடாதீங்க!”

சாப்பாட்டு மேசை நடுவில் மோட்டாரை வைத்துவிட்டு மகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். ரோபோ போட்டிதான் இப்போது அவளுக்கு உலகம்.

அப்பா பம்ப் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். சுற்றிக்கொண்டிருந்தவர் என்பதே சரி. மனைவி இறந்துபோன நாளில் சுவரோரமாக உட்கார்ந்தவர்தான். முதலாளி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார். மகள் தட்டில் போட்டு நீட்டினால் சாப்பாடு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

மேசையைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தார். சுவரில் மனைவியின் படம். அதைப் பார்க்க முடியாமல் மறுபடி மேசையையே பார்த்தார்.

பக்கத்தில் கிடந்த பேட்டரியை மாட்டிப் பார்த்தார். சளி பிடித்த குழந்தை மாதிரி மோட்டார் இருமியது.

“ஐயோ, புள்ள தோத்துப் போயிடுமே.”

ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். எண்ணெய் விடுவது கை வைப்பதில் சேராது என்று தீர்ப்பும் தாமே சொல்லிக்கொண்டார். சொட்டு உள்ளே போய்ப் புகைந்தது. துடைக்கலாமென்று மூடியைத் திறந்தார், சீல் கிழிந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ ஒளிந்துகொண்டது. பேனா ஸ்பிரிங்கைப் போட்டார். மோட்டார் வெறி பிடித்தது போலச் சுற்றி, மேசையிலிருந்து குதித்து, கீழே இருந்த தண்ணீர் வாளியில் விழுந்தது.

அதை வாளியிலிருந்து எடுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

“அடடே, வழி தெரிஞ்சுதா?” என்றார் முதலாளி.

“கொஞ்சம் காயில் கம்பி குடுங்கண்ணே. கேள்வி கேக்காதீங்க.”

“என்னப்பா, அழுவுறியா, சிரிக்கிறியா?”

“கேக்காதீங்கன்னேனே!”

முதலில் கம்பி கோணலாக விழுந்தது. சுற்றச் சுற்றக் கை நிதானத்துக்கு வந்தது. மத்தியானம் யாரோ டப்பாவை நீட்ட, யோசிக்காமல் அள்ளிச் சாப்பிட்டார்.

சாயங்காலம், மேசைக்குத் திரும்பிவிட்ட மோட்டாரைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: “கையில என்னப்பா எண்ணெய்?”

“கதவு கத்துச்சு. விட்டேன்.”

“நம்ம கதவு கத்தவே கத்தாதே!”

“அதான் எண்ணெய் விட்டுட்டேன்ல?”

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரிந்துவிட்டதோ என்று அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மிச்சமிருப்பது இந்த ஒரு பிள்ளை. அதன் ஆசையிலும் மண்ணைப் போட்டாயிற்று.

போட்டியன்று மண்டபத்தில் பரிசோதனை செய்யும் அம்மா ரோபோவைக் கையில் எடுத்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனார்.

“அம்மா, மோட்டாரைத் திறந்தது நான்தான். புள்ளைங்க மேல தப்பில்ல. வெளியே அனுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பரிசோதகர் ரோபோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எதைத் திறந்தீங்க? எல்லாம் புதுசு. சீல்கூடப் பிரியலை.”

அப்பா குனிந்து பார்த்தார். அவர் சுற்றிய மோட்டார் அதில் இல்லை. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரத் தோழிக்குத்தான் வாய் நிற்கவில்லை.

“அது போன வருஷம் கழிச்சுப் போட்ட மோட்டாரு மாமா! அத்தை போனதுலேருந்து நீங்க எதையுமே தொடலைன்னு அழுதுட்டு, ‘கை வைக்காதீங்கன்னு சொன்னாத்தான் அப்பா கை வைப்பாரு’ன்னு இவதான் தூக்கிட்டு வந்தா!”