ரோஷமுள்ள கயிறு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளச் சந்தையில் அரிசி மூட்டை இறக்க வழியில்லை. அவ்வளவு கூட்டம். மலேரியாவை விரட்டும் கயிறுசாமி வந்திருக்கிறாராம்! சிவப்புக் கயிறு கட்டினால் மறுநாள் காய்ச்சல் எட்டிப் பார்க்காதாம். நடுங்குகிற நாளில் மட்டும்தான் வர வேண்டும். மாத்திரையைத் தொட்டால் கயிறு கோபித்துக்கொள்ளும். ரோஷமுள்ள கயிறு!

கட்டட வேலைக்கு வந்து காய்ச்சலில் விழுந்த தாணுவுக்கும் சாமி கட்டினார். மறுநாள் காய்ச்சல் இல்லை. மனைவி பூமாரி மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். அதற்கடுத்த நாள் தாணு கட்டிலோடு சேர்ந்து ஆடினான்.

"மனசுல சந்தேகம் இருந்திருக்கும். இன்னொண்ணு கட்டணும்" என்றார் சாமி. கை நிறையக் கயிறு ஏறியது. தாணுவால் வேலைக்குப் போக முடியவில்லை.

பக்கத்து வீட்டு ஜெஸ்லின் ஆய்வுக்கூடத்தில் மலேரியாக் கிருமியைக் கொல்லப் புது வேதிப்பொருள்கள் செய்து பார்ப்பவள். தாணுவின் மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்ததும் பூமாரியை மறித்தாள்.

"அக்கா, ஒரு தட்டுக் கிருமியில புது மருந்த விட்டா, பக்கத்துத் தட்டுல மருந்தில்லாத தண்ணிய விடுவோம். ரெண்டுலயும் ஒண்ணுபோல நடந்தா அது மருந்தே இல்ல. ஒங்க சாமி கயித்த யாரு அப்பிடிப் பாத்தா?"

"சாமிகிட்ட வெளையாடாத, கேட்டியா" என்றாள் பூமாரி.

ஜெஸ்லின் விளையாடத்தான் போனாள். தாணுவுக்குச் சாமி மறுபடி கட்டியபோது, வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்த சுமைதூக்கி சொரிமுத்துவின் கையில் அவள் அரிசிச் சாக்கு நூலைக் கட்டினாள். சாமி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

மறுநாள் தாணுவுக்கும் காய்ச்சல் இல்லை, சொரிமுத்துவுக்கும் இல்லை. இருவரையும் சாமி முன்னால் நிறுத்தினாள் ஜெஸ்லின்.

"இந்தக் கிருமி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குலுக்கும். இன்னைக்கு லீவு. நாளைக்கு வரும். அக்கா, கயித்த இன்னைக்குக் கட்டச் சொல்லுங்க, பாப்போம்."

பூமாரி புருஷன் கையைப் பிடித்து நீட்டினாள்.

"கட்டுங்க சாமி. நாளைக்கு வராதுன்னு சொல்லுங்க."

சாமியின் கை பின்னால் போனது.

"இன்னைக்கு நாள் சரியில்ல பிள்ளே."

"சரியில்லாத நாள்லதான சாமி காய்ச்சலே வருது?"

பூமாரி எல்லாக் கயிற்றையும் அறுத்துச் சாமியின் மடியில் போட்டாள். தாணுவையும் சொரிமுத்துவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. சாமி பழவங்காடிப் பக்கம் நழுவினார்.

கூட்டம் திருந்திவிட்டது என்கிறீர்களா? அடப் போங்கய்யா! அத்தனை பேரும் ஜெஸ்லின் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா, எங்களுக்கும் அந்தச் சாக்கு நூல ஒண்ணு கட்டி விடுங்க."

கூட்டத்தாரே, நீட்டிய கையை மடக்கி அவரவர் தலையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் சத்தம் கேட்கும்.