வத்தல் கிட்டங்கியில் ஆளில்லா விமானம்

அன்புத் தம்பி ராஜபாண்டியனுக்கு, விருதுநகரிலிருந்து உன் அண்ணன் சீனிவாசகம் ஆசி கூறி எழுதுவது. இங்கு நாங்கள் யாரும் நலமில்லை. உன் மகளை இங்கே அனுப்பிவிட்டபடியால் கோயம்புத்தூரில் நீ நலமாகத்தான் இருப்பாய்.

அவள் கல்லூரி வேலைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்றுதானே சொன்னாய்? மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் என் கிட்டங்கிக்குள் உன் மகள் கற்பகவல்லி சிவகாசிப் பட்டாசு அட்டைப்பெட்டிகளை ஒட்டி ஒரு குகையே கட்டி, ஒரு முனையில் கல்யாண மண்டபத்து விசிறியை மாட்டி, நடுவில் ஆளில்லாத விமானம் ஒன்றைக் கம்பியில் குத்தி நிறுத்தியிருக்கிறாள். பறக்க வேண்டியதை எதற்கம்மா கட்டிப் போட்டாய் என்று கேட்டால், “காத்துல இறக்கை எப்பிடி ஆடுதுன்னு அளந்து கம்ப்யூட்டருக்குக் குடுத்தா, அது உள்ளயே பறந்து காட்டும் பெரியப்பா” என்கிறாள். கம்ப்யூட்டருக்குள் பறப்பதற்கு என் கிட்டங்கி எதற்கு?

அதையாவது பொறுத்தேன். நேற்றுக் காலை இந்த வருஷச் சரக்கைப் பேச மதுரை வியாபாரி வந்திருந்தார். அவர் வாங்காவிட்டால் மூட்டைகளோடு நானும் கிட்டங்கியில் கிடக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, விமானம் கண்டபடி நடுங்குகிறது என்று பிள்ளை அழ, உன் மதினி பாண்டிலட்சுமி, “ஊர்க்கண்ணு பூராம் இதுமேலதான்” என்று கைநிறைய வத்தலும் உப்பும் எடுத்து விமானத்துக்குச் சுற்றி, குகை வாசலிலேயே நெருப்பில் போட்டுவிட்டாள். விசிறி சும்மா இருக்குமா? புகையை உறிஞ்சி மறுமுனையில் நின்ற வியாபாரியின் முகத்தில் அடித்தது. மனுஷர் இருமிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். பெட்டியில் ராக்கெட் படம், உள்ளே புகை என்று பார்த்த எவனோ தீயணைப்பு வண்டியையும் கூப்பிட்டுவிட்டான். தெருவே கண்ணீர் வடிக்கிறது, உன் மதினி மட்டும், “நெடி ஏறுதுல்ல, அப்ப கண்ணே படல” என்று சந்தோஷப்படுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் வந்து உன் மகளையும் விமானத்தையும் விசிறியையும் அழைத்துப் போ. இல்லையென்றால் மூன்றையும் நானே ரோட்டில் வைப்பேன். உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, முக்கியமாக இருமலின்றி, நீடூழி வாழ்க.

உன் அண்ணன்,
சீனிவாசகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மதுரைக்காரர் போன் போட்டார். “நேத்து அடிச்ச நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகல அண்ணாச்சி. உங்க வத்தல்ல இம்புட்டு காரமா? நாலு லோடு எனக்கு எடுத்து வைங்க” என்கிறார். பிள்ளைக்கும் அந்தப் புகையில்தான் காற்று இறக்கையை விட்டு எங்கே விலகுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததாம், இன்னொரு தரம் போட்டால் கணக்கு முடிந்துவிடுமாம். மீதிச் சரக்கைப் பார்க்க வியாழக்கிழமை திண்டுக்கல் வியாபாரி வருகிறார். அதுவரை நீ இந்தப் பக்கமே வராதே. சுற்றிப் போட நல்ல காரமான வத்தலாக நானே பொறுக்கி வைத்துவிட்டேன்.