அம்பு காட்டிய பக்கம்

அன்புள்ள மருமகன் நவாஸுக்கு,

கம்பத்திலிருந்து உன் மாமா முகைதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. உன் சுகத்தை விசாரிக்க இப்போது மனம் வரவில்லை.

கோயம்புத்தூரில் நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யார் கேட்டாலும், "பிளாஸ்டிக்குல கண்ணுக்குத் தெரியாத வரப்பு வெட்டி, தண்ணிய அவன் சொன்ன பக்கம் ஓட விடுறான் எங்க அக்கா மகன்" என்று பெருமையாகத்தான் சொல்லி வந்தேன். வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியோடு மடையில் நிற்கிற ஊரில் இதற்கெல்லாம் டாக்டர் பட்டமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அப்படி வரப்பு வெட்டி நீ கொடுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் விரிப்பை, என் மகள் ஷாஜியாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு தேவாரத்திலிருந்து அப்துல் அஜீஸ் ராவுத்தர் வந்த அன்று, விருந்துக்குத் தரையில் விரித்தேன். மூலையில் ஓர் அம்புக்குறி இருந்தது. ஐந்து வேளை தொழுகிறவனுக்கு அம்புக்குறியைப் பார்த்தால் என்ன தோன்றும்? கிப்லா, தொழும் திசை என்று நினைத்து மேற்கே பார்க்க விரித்துவிட்டு, மரியாதையான இடம் என்று ராவுத்தரையே மேற்குக் கோடியில் உட்காரவைத்தேன். ஷாஜியா தால்ச்சா சட்டியை வைக்கும்போது கை தவறிக் குழம்பு கொட்டியது. வேறு விரிப்பாக இருந்தால் விழுந்த இடத்தில் தேங்கும், துடைத்திருப்போம். உன் விரிப்பில் அது இடமும் பார்க்காமல் வலமும் பார்க்காமல், தட்டுகளுக்கு நடுவே புகுந்து, நேராக அவர் வெள்ளைக் கைலியில் போய் ஏறியது.

"பொண்ணு கேட்டு வந்தவுகள இப்படியா குளிப்பாட்டி அனுப்புவீக" என்று எழுந்தவர் கை கழுவக்கூட நிற்கவில்லை. நல்ல இடம், போய்விட்டது. ஷாஜியாவைத் திட்டினால், "நீங்கதான கிப்லா பாத்து விரிச்சீக அத்தா. தால்ச்சாவும் கிப்லா பாத்துத்தான் போச்சு" என்கிறாள்.

ஆகவே இன்றோடு நீ எனக்கு மருமகனும் இல்லை, நான் உனக்கு மாமனும் இல்லை. விரிப்பு பார்சலில் வருகிறது. அக்காவுக்கு என் ஸலாம்; அதில் கோபம் கலக்கவில்லை. உனக்கு, சொல்லாமல் முடிப்பது முறையில்லை என்பதால் மட்டும், வஸ்ஸலாம்.

முகைதீன்

பின்குறிப்பு: பார்சல் கட்டும்போது ஷாஜியா வந்து விரிப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்பு காட்டுற பக்கந்தான் தண்ணி ஓடும்னு நவாஸ் மச்சான் விரிப்பக் குடுத்த அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாக அத்தா. என் கையும் தவறல" என்றாள். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 'மருமகனும் இல்லை' என்ற வரியை அடித்துவிடு. முதல் வரியில் இருக்கும் மருமகன் அப்படியே இருக்கட்டும். அக்கா மகன் என்று நினைத்து எழுதினேன், நீ மற்ற அர்த்தத்தில் படித்துக்கொள். அக்காவைக் கூட்டிக்கொண்டு முறையாகப் பெண் கேட்டு வா. விரிப்பை அனுப்பவில்லை. மேற்குக் கோடி உனக்குத்தான்.