விளக்குகள் நன்றாக இருந்தன

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். அங்கே எல்லாரும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் கேட்டால் நீ பதில் போட வேண்டியதாகிவிடும், அந்தத் தர்மசங்கடத்தை உனக்குக் கொடுக்க விரும்பவில்லை. அத்தானின் முதுகுவலி தேவலையா என்றும் கேட்கவில்லை. போன வருடம் நீ போனில் அனுப்பிய செய்திக்கு இது பதில். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பன்னிரண்டு மாதம்.

"அப்பா போயிட்டாரு. எல்லாம் முடிஞ்சுது. நீ அலைய வேண்டாம்." மொத்தம் ஏழு வார்த்தை, அவர் போன பதினோராம் நாள் வந்தது. நீ வேலை பார்க்கும் பதிவு அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதற்குக்கூட நீ இதைவிட நாலு வார்த்தை சேர்த்து எழுதுவாய், அடியில் கையெழுத்தும் போடுவாய். அப்போது எனக்கு ஏழாம் மாதம். அந்தக் கடைசி மூன்று வார்த்தையைத்தான் ஒரு வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரி கடல் தாண்டி அவ்வளவு தூரம் அலையக் கூடாது என்ற அக்கறையா, இல்லை, சொல்லச் சொல்லக் கேட்காமல் அந்த ஆளைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு இங்கே என்ன வேலை என்ற தண்டனையா? பால் பாட்டிலைக் கொதிக்கவைக்கும்போது அக்கறை என்று படுகிறது. துணி மடிக்க உட்கார்ந்தால் தண்டனை ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மடிக்க வேண்டிய துணிதான் அதிகம். நிற்க. நான் எழுத வந்தது ஒரு நாடகத்தைப் பற்றி.

அதற்கு முன் 'அந்த ஆள்' பற்றி ஒரு வார்த்தை. நீ வைத்த பெயர்தான், வீட்டில் இப்போது அதுவே நிலைத்துவிட்டது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். இன்னும் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைதான். காலை ஏழு மணிக்குக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், யாராவது எங்காவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள், இவர் போய் விடுவிப்பார். நாலாவது மாடியில் என்னையும் பொட்டலத்தையும் விடுவிக்கத்தான் ஆளில்லை. பொட்டலம் என்பது உன் தங்கை மகள். பிறந்த அன்று மூக்கு மட்டும் தெரியும்படி சுற்றிக் கையில் கொடுத்தார்கள், அன்று வைத்த பெயர். பத்து மாதம் ஆகிறது, தவழ்கிறாள். நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவளுக்குக் குழந்தையே பிறக்கக் கூடாது அக்கா. மற்ற அம்மாக்களுக்குத் தரை தெரிகிறது, எனக்குத் தரையில் இருப்பதெல்லாம் பெயரோடு தெரிகிறது. அவள் தூங்கினால் மூச்சை எண்ணுகிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் கடிகாரம் தப்போ என்று சந்தேகம் வருகிறது. நாள் முழுக்க நான் பேசும் தமிழைக் கேட்க உலகத்தில் அவள் ஒருத்திதான், அவளுடைய பதில் எதற்கும் "ப்பூ". சாயங்காலம் இவர் வந்ததும் ஆசைக்கு ஒரு சண்டை போடலாம் என்றாலும் முடிவதில்லை. நடுவில் நிறுத்தி, "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று தன் அரைகுறைத் தமிழில் பணிவாகக் கேட்கிறார். சொல்லி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது. தமிழில் ஒரு முழுச் சண்டை போட்டு இரண்டு வருடம் ஆகிறது, கடைசியாகப் போட்டது உன்னோடுதான்.

இப்படியே இருந்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, போன ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் கைக்குழந்தைக் காட்சி. அதாவது குழந்தைகளுக்கான நாடகம் அல்ல, அந்த மாதம் எந்த நாடகம் ஓடுகிறதோ அதையே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். விளக்கைப் பாதிதான் அணைப்பார்கள், அழுதால் யாரும் முறைக்க மாட்டார்கள், முன்வரிசைக்கு முன்னால் பாய் விரித்திருப்பார்கள். அந்தப் பாயை எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று நான் மூன்று தடவை போன் செய்து கேட்டேன், மூன்றாம் தடவை என் குரலை அடையாளம் கண்டுகொண்டு அவர்களே பதிலைச் சொன்னார்கள். எல்லாம் கேட்டேனே தவிர என்ன நாடகம் என்று கேட்கவில்லை.

இதுதான் கதை. சலவைக்கடையில் இஸ்திரி போடும் ஒரு கறுப்புப் பெண், அங்கே சட்டை கொண்டுவரும் ஒரு வெள்ளைக்கார வாத்தியார். இரண்டு வீட்டிலும் கூடாது என்கிறார்கள், இவர்கள் கட்டிக்கொள்கிறார்கள், அரை மணி நேரம் சந்தோஷமாக இருக்கிறார்கள், அவன் செத்துப்போகிறான். உடலை அவன் வீட்டார் எடுத்துப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு மேடையில் ஒரே ஒரு கதவு. அவள் அந்தக் கதவுக்கு வெளியே அவனுடைய இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறாள். உள்ளே சடங்கு நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. தட்ட மாட்டாள், அவர்களும் திறக்க மாட்டார்கள். நாற்பது நிமிடம், அக்கா! அதை முப்பது கைக்குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் முதல் முறை விம்மியபோது பின்வரிசையில் ஏதோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது, அது ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பரவியது, அரங்கமே கிலுகிலுப்பை மாதிரி ஆகிவிட்டது. அம்மாக்கள் எல்லாரும் அழுகிறார்கள், பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள், அப்பாக்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி, ஒன்றின் வாயைத் துடைத்த துணியாலேயே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்தத் துணியைப் பார்த்து நான் பதறவில்லை. என் நிலைமையைப் புரிந்துகொள்.

நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் சட்டையின் காலரைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடி லேசாக இருந்தது. குனிந்து பார்த்தால் பொட்டலம் இல்லை. பத்து மாதத்தில் முதல்முறையாக ஐந்து நிமிடம் மூச்சை எண்ணாமல் இருந்திருக்கிறேன், அதற்குள் பாயைக் கடந்து, ஒரு சாண் உயர மேடையில் ஏறி, யாருக்கோ சொந்தமான துக்கத்தின் நடுவே தவழ்ந்து போய்க்கொண்டிருக்கிறாள்! அந்தக் கதவிடம் போனாள், பிடித்து எழுந்தாள், இரண்டு கையாலும் படார் படார் என்று அடித்தாள். கதவுக்குப் பின்னால் செத்தவனின் அண்ணனாக நடிக்கும் மனிதர் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு அந்த நாடகத்தில் கதவு திறக்கும் வேலையே கிடையாது. இருந்தாலும் யாராவது தட்டினால் மனிதன் என்ன செய்வான்? கோப்பையும் கையுமாகத் திறந்து, "யாரு?" என்றார்.

 பிறகு அந்த நடிகை என்ன நினைத்தாளோ, சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பொட்டலத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவரை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. விளக்கு அணைந்தது. கால் மணி நேரம் முன்னதாகவே நாடகம் முடிந்துவிட்டது, என் பிள்ளை உள்ளே இருக்கிறது! நான் மேடை ஏறி ஓடியதை வர்ணிக்கப்போவதில்லை. பாதி அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது என்று மட்டும் சொல்கிறேன். நான் ஓடியதும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம், நாடகம் முடிந்ததும் யாரும் போய்விடக் கூடாது, ஒலிபெருக்கியைக் கைக்குக் கை கொடுத்துக் கருத்துச் சொல்ல வேண்டும். இரட்டைப் பிள்ளைக்காரிதான் முதலில் வாங்கினாள். "அப்பாடா, திறந்தாங்களே! இல்லன்னா நான் இன்னைக்குத் தூங்கியிருக்கவே மாட்டேன்." உடனே பேத்தியைத் தோளில் போட்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எழுந்தார். "இது ஏமாத்து வேலை. அந்தக் கதவு திறக்கவே கூடாது. உள்ள இருக்கறவங்களுக்கு அவ வெளிய நிக்கறது தெரியாதா? தெரிஞ்சுதானே திறக்கல?" "அவ தட்டியிருக்கலாம்ல?" என்றாள் இவள். "கையில என்ன மருதாணி போட்டுக் காய வச்சிருந்தாளா?" "தட்டித்தான் தெரியணுமா?" என்றார் அவர். "நாற்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஸ்டாப்புல நிக்கறவங்க கை காட்டலன்னாலும் நிறுத்துவேன்." ஒரு வழுக்கைத்தலை அப்பா, "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, ரெண்டு நிறம் சேர்ந்தா இப்படித்தான் ஆகும்னு சொல்ல வருதா இந்த நாடகம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின. அந்த ஆள் ஒரு நிறம், நான் ஒரு நிறம், பொட்டலம் மூன்றாவது. பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்குமே, அது மாதிரி எங்களைப் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்திய அம்மா சிரித்த முகமாக வந்து என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டாள். "நீங்க சொல்லுங்க. தட்டியிருக்கணுமா, திறந்திருக்கணுமா?"

அவர்கள் பாஷை எனக்கு நன்றாகவே வரும் அக்கா, மருந்துக்கடைக்காரரோடு தினமும் அதில்தான் வாதாடுகிறேன். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வாயைத் திறந்தால் தமிழ் வந்தது. "அலைய வேண்டாம்னு சொல்ல நீ யாருடி?" என்று ஆரம்பித்தேன். உன்னை 'டி' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, மன்னித்துவிடு, ஒலிபெருக்கியில் நடந்துவிட்டது. "நான் அலைஞ்சா உனக்கென்ன? வயித்தைப் பிடிச்சுக்கிட்டாவது வந்திருப்பேன். உள்ள விடலன்னா வாசல்ல நின்னுருப்பேன். பதினோரு நாள் சொல்லாம இருக்க எப்படி உனக்கு மனசு வந்துச்சு? எனக்காகப் பண்ணினியா, என் மேல இருக்கிற கோபத்துல பண்ணினியா? அதையாவது சொல்லித் தொலைச்சா நானும் அழுதுட்டுப் போவேன்ல? எதுக்கு அழறதுன்னு தெரியாம ஒரு வருஷமா துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்!" மூன்று நிமிடம் பேசினேனாம். முப்பது குழந்தைகளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன.

அரங்கம் அந்த ஆளைப் பார்த்தது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர்கள் பாஷையில் நிதானமாகச் சொன்னார்: "விளக்குகள் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்றாங்க."

"இவ்வளவு நேரம் பேசினாங்களே?" என்றார் பஸ் டிரைவர்.

"தமிழ்ல விளக்கைப் பத்திச் சொல்ல நிறைய வார்த்தை வேணும்" என்றார் இவர், கண் இமைக்காமல்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரோடு பேசவே இல்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன். முக்குத் திரும்பும்போது, "ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவருக்குத் தமிழில் இருப்பதே இருநூறு வார்த்தை, அதில் தேடிப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்: "அது அக்காவுக்குச் சொன்னது. அங்க இருந்தவங்க நாடகத்துக்குத்தானே டிக்கெட் வாங்கினாங்க." அதற்குள் பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். அரங்கத்தில் விளக்கு இயக்குபவராம். மூச்சு வாங்க என் முன்னால் நின்று, சுத்தமான தமிழில், "ரொம்ப நன்றிங்க. ஆனா நீங்க விளக்கைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை" என்றார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "எல்லாம் கேட்டுதா?" என்றேன். "கேட்டுது. கேட்டுக்கிட்டே ஒரு சுவிட்சை மாத்திப் போட்டுட்டேன், பாதி ஜனம் இருட்டுல உக்காந்திருந்தாங்க, நீங்க கவனிக்கல." பிறகு பொட்டலத்தின் கன்னத்தைத் தொடப் போனார், நான் கை கழுவினீர்களா என்று கேட்பதற்குள் தானாகவே கையை இழுத்துக்கொண்டார். இந்த ஊரில் என்னோடு தமிழ் பேசிய முதல் மனிதர், அவரையும் விரட்டிவிட்டேன்.

அந்த அரங்கத்தில் கடைசிவரை இரண்டு கட்சியும் சமாதானமாகவில்லையாம். எனக்கு இரண்டுமே சரி என்று படுகிறது, அதுதான் பிரச்சினை. நீ ஏழு வார்த்தையோடு நிறுத்தினாய், நான் ஒரு வார்த்தைகூடத் திருப்பி எழுதவில்லை. ஆகையால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அக்கறையா தண்டனையா என்று இனிமேல் உன்னைக் கேட்கப்போவதில்லை. நீ போன் செய்ய வேண்டாம், நானும் செய்ய மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம். 'பெரியம்மா' என்ற சொல்லைப் பொட்டலத்துக்கு இன்னும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை, உபயோகம் இல்லாததைப் பச்சைப்பிள்ளைக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும்? எல்லாரும் அவரவர் வீட்டில் சௌக்கியமாக இருப்போம்.

அத்தானுக்கு என் வணக்கம். நான் சின்னவள், உன்னை ஆசீர்வதிக்க முடியாது, அதனால் நன்றாக இரு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டாம். உறையில் போட்டு விலாசம் எழுதும்போது வீட்டு எண் சந்தேகமாக இருந்தது, அதைச் சரிபார்க்க மட்டும், சத்தியமாக அதற்கு மட்டும், உனக்குப் போன் செய்தேன். நீ "ஹலோ" என்றாய். நான் உறையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். "ஹலோ, யாருங்க?" என்றாய். வைத்துவிடப் போனேன், அதற்குள் பொட்டலம் விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டாள். உன் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அதை நீ மூடினாய்.  அப்புறம், "ஏன் இந்தக் கத்து கத்துது? பசிக்குதா பாருடி. போ, நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்" என்றாய்.

பசிதான் அக்கா. பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன். போன் மேசையில் இருக்கிறது, நீ இன்னும் வைக்கவில்லை, மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. பால் முடியப்போகிறது. யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை. நீதான் மூத்தவள்.