செய்னம்புவில் விழுந்த 'ன'

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் முன் வந்தவரின் பேருக்கு வரலாறு கேட்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கற்பிட்டியின் சைக்கிள் கடை வால்வு நானா.

பதில் சொல்லாதவரின் சைக்கிள் கடையை விட்டு வெளியேறாது. ஒருமுறை, கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் வாடகைச் சைக்கிளையே பிடித்து வைத்துக்கொண்டார். தனக்குப் பேர் வைத்தது யார் என்று அவள் தன் தாய்க்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விட்டார். அந்தத் தாய்க்கும் ஒரு சலாம் சொன்னார்.

என் பேர் செய்னம்பு. பள்ளிக்கூடத்தில் செம்பு ஆனேன். "செம்பு, தண்ணி ஈக்கா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. அடையாள அட்டையில் 'ன' விழுந்துபோய் 'செய்ம்பு' ஆனேன். அதை வாசிக்க எவராலும் முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் போதும் என்றாகிவிட்டது. 'ஸீனா' என்று மாற்றப் படிவம் நிரப்பிக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். வழியில் பின் டயர் போனது. கிட்டத்தில் வேறு கடை இல்லை.

நானா டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக்கொண்டே, கூடையில் கிடந்த படிவத்தை எட்டி வாசித்தார்.

"ஸீனாவா? இது ஆர்ட பேரு?"

"என்ட பேருதான் நானா. மாத்தப் போறன். செய்னம்பு பழைய பேரு. அர்த்தமும் இல்ல."

"அர்த்தம் இல்லையா? அரபில அது ஸைனப். நபி அவங்கட மகள்ட பேரு. நம்மட ஆக்களுக்கு 'ப்'ல நிப்பாட்ட ஏலா. கிதாப கித்தாபு ஆக்கல்லையா? அப்பிடித்தான் ஸைனப் செய்னபு ஆச்சி. பொறகு வாய்க்கு லேசா ஈக்கட்டுமெண்டு ஒரு 'ம்' வந்து குந்திட்டு. கப்பல்ல வந்த பேரு புள்ள. இந்த ஊர்ல இப்ப நீங்க ஒராள்தான் மிச்சம்."

"அப்ப அர்த்தம்?"

"மணக்கிற மரமெண்டும் சொல்ற. வாப்பாட அழகெண்டும் சொல்ற. பேரு வெச்சது ஆரு?"

"வாப்பா."

"அப்ப ரெண்டாவத எடுங்க."

உப்பளத்திலிருந்து வெடித்த கால்களோடு வந்து, வாசலில் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வாப்பா ஞாபகத்துக்கு வந்தார். குனிந்துகொண்டேன்.

"சட்டிக்குள்ள அழாதீங்க. ஓட்டை எங்க எண்டு தெரியாமப் போகும்" என்றார் நானா.

கந்தோரில் எழுதுவினைஞர் கேட்டார்: "பேர் மாத்தவா?"

கடையில் சீனி கேட்கவே நாக்கு எழாதவள் நான். அன்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "இல்ல மிஸ். விழுந்த 'ன'வத் திருப்பிப் போட வந்தன். செய்னம்பு."

புது அட்டையை நானாவிடம் காட்டினேன். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, "ஒழுக்கு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

தெருமுனையில் என் தலை தெரிந்தாலே "செய்னம்பு" என்று முழுசாகக் கூப்பிடுகிறார். வாப்பாவுக்குப் பிறகு அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான். சில நாள்களில் நானே வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறேன்.