ஒண்ணுமே கடிக்கல

காலை எட்டு மணி நிலவரப்படி லாய்ட் ஹெக்மனின் ஐஸ் பெட்டிக்குள் இருந்தவை: ஐஸ், மனைவி நடீன் கட்டிக்கொடுத்த நாலு ஹாம் சாண்ட்விச், இரண்டு பாட்டில் சோடா. மீன் இல்லை.

"பன்னெண்டு வேணும்னு சொன்னீங்களே சம்பந்தி, இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?" என்று கேட்டார் வாரன் டில்மன்.

படகில் இருந்ததே இரண்டு பேர். பெட்டியும் வாரனின் காலடியில்தான் கிடந்தது. ஆனாலும் முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவருக்கு அவ்வப்போது வருகைப் பதிவு எடுக்காவிட்டால் இருப்புக்கொள்ளாது.

"இப்பத்தானே விடிஞ்சிருக்கு" என்றார் லாய்ட். விடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் லாய்டின் மகன் கைலுக்கும் வாரனின் மகள் மேகனுக்கும் கல்யாணம். மண்டபம், பேண்டு, ஐந்தடுக்குக் கேக் எல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு. முந்தின நாள் விருந்து மட்டும்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு. குழாய் ரிப்பேர் செய்து பிழைக்கிற லாய்ட், ஐந்தடுக்குக் கேக்குக்கு எதிரே எதை வைப்பது என்று இலையுதிர்காலம் முழுக்க யோசித்தார். கடைசியில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது டில்மன் குடும்பத்துக்கு எதிரே எழுந்து நின்று, "ஈரி ஏரியோட வால்ஐ மீன்! அன்னிக்குக் காலையில நான் பிடிப்பேன், சாயங்காலம் நீங்க சாப்பிடுவீங்க!" என்று முழங்கிவிட்டார். விருந்துக்கு இருபத்து நாலு பேர். மீனுக்கு இரண்டு துண்டு, ஆளுக்கு ஒரு துண்டு. சட்டப்படி ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு மீன்தான் பிடிக்கலாம். அதனால்தான் சம்பந்தியையும் கையோடு படகில் ஏற்றி வந்திருந்தார்.

படகின் பெயரும் 'நடீன்'தான். அது ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் நாலு தூண்டில்கள். இரண்டு பக்கமும் நீரில் மிதக்கும் சின்னப் பலகைகள் நூலை அகட்டிப் பிடித்து இழுக்க, நூல் முனையில் ஊதாவும் வெள்ளியுமாகப் பொய்மீன்கள் ஆழத்தில் ஆடி ஆடி வந்தன. அவை பார்வைக்கு அழகாகத்தான் இருந்தன. வால்ஐ மீன்கள்தான் மயங்கவில்லை.

ரேடியோ கரகரத்தது. "அள்ளுதுப்பா, அள்ளுது! பெட்டி மூட முடியல! வடக்குப் பக்கம் எல்லாரும் வாங்க!"

வாரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? நாமளும் அங்க போயிடலாமே!"

லாய்ட் சிரித்தார். "அது பட்ச். அவனுக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கல."

"அவரே சொன்னாரே?"

"அதனாலதான் சொல்றேன். இந்த ஏரியில அள்ளுதுன்னு ஒருத்தன் சொன்னா பெட்டி காலின்னு அர்த்தம். ஒண்ணுமே கடிக்கலன்னு அழுதா பெட்டி நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். நான் ரேடியோவுல அழுதா, கரையில தூண்டில் கடை வெச்சிருக்கிற பெக், கேக்காமலே ஒரு மூட்டை ஐஸை எனக்காக எடுத்து வெச்சுடுவா."

"அப்போ எல்லாரும் பொய் சொல்றீங்க."

"பொய்யா? எல்லாருக்கும் தெரிஞ்சா அது எப்படிங்க பொய்யாகும்?"

வாரன் ஞாயிறுதோறும் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு வலது பக்கத்து நூலில் பாசி சிக்கியது. லாய்ட் படகின் ஓரத்தில் குனிந்து அதைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து பட்ச் ரேடியோவில் கூப்பிட்டார்.

"நடீன், நடீன். டேய் லாய்ட், எப்படிடா இருக்கு உன் பக்கம்?"

ஒருவர் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது வாரனின் வளர்ப்பில் இல்லை. அவர் ரேடியோவை எடுத்து, பொத்தானை அழுத்தி, வகுப்பறையில் படிப்பது மாதிரி தெளிவாகச் சொன்னார்.

"வணக்கங்க. நான் லாய்டோட சம்பந்தி பேசறேன். எங்களுக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கல. சாயங்காலம் இருபத்து நாலு பேருக்கு விருந்து. என்ன பண்றதுன்னே தெரியல. ரொம்பக் கவலையா இருக்கு."

லாய்ட் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரேடியோவில் மயான அமைதி. ஏரியில் இருந்த அத்தனை படகுகளும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டால் வருகிற அமைதி அது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"அதுக்குத்தான் சொல்றேன்!"

கால் மணி நேரத்தில் முதல் படகு வந்தது. அரை மணியில் பதினைந்து. பட்சின் படகு வடக்கிலிருந்து நுரை தள்ள வந்து, 'நடீனு'க்கு இருபது அடி பக்கத்தில் நின்றது. பட்ச் பெரிய தொப்பைக்காரர். கைல் ஞானஸ்நானம் வாங்கின நாளில் குழந்தையை ஏந்தி நின்றவர்.

"அடப்பாவி! எங்கிட்ட மறைக்கலாமாடா?" என்று கத்தினார்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லடா!"

"அய்யோ பாவம்!" என்று கண்ணடித்துவிட்டு, பட்ச் ஐந்து தூண்டில்களை இறக்கினார்.

இத்தனை மோட்டார்கள் ஒரே இடத்தில் உறுமினால், கடிக்க நினைத்த மீனும் கனடா பக்கம் ஓடிவிடும். இவர்களை எப்படியாவது கிளப்பவேண்டும். லாய்ட் ரேடியோவை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க அம்மா மேல சத்தியமா சொல்றேன், இங்க மீனே இல்ல. ஒண்ணுமே கடிக்கல!"

இது பெரிய தப்பு. அந்த ஏரியில் இதுவரை யாரும் மீனுக்காக அம்மாவை இழுத்ததில்லை. அம்மா மேலேயே சத்தியம் செய்கிறான் என்றால் அங்கே என்ன கொள்ளை நடக்கிறதோ என்று, தூரத்தில் நிம்மதியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நூலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பி வந்தார்கள். பத்தரை மணிக்கு வாரன் எண்ணிப் பார்த்து, நாற்பத்தொரு படகு என்று அறிவித்தார்.

"உங்களுக்கு நெறைய நண்பர்கள் இருக்காங்க சம்பந்தி" என்றும் சொன்னார். அதில் கிண்டல் எதுவும் இல்லை.

அதற்குள் ஒரு படகின் பலகை லாய்டின் இடது நூலின் மேல் ஏறியது. அதை விடுவிக்க லாய்ட் படகைத் திருப்ப, வலது நூல்கள் இரண்டும் பட்சின் நூல்களைப் போய்த் தழுவிக்கொண்டன. "வெட்டுடா!" என்றார் பட்ச். "நீ வெட்டுடா!" என்றார் லாய்ட். வாரன் உதவி செய்வதாக நினைத்து எல்லா நூலையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தார். நாலு தூண்டில், எட்டுப் பொய்மீன் (பாதி பட்சுடையது), இரண்டு பலகை எல்லாம் ஒரே பந்தாகப் படகுக்குள் வந்து விழுந்தன.

லாய்டுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. உண்மை சொன்னால் வருகிறார்கள் என்றால், பொய் சொன்னால் போய்விடுவார்களே!

"நண்பர்களே, நடீன் பேசுது" என்றார் ரேடியோவில், வாயெல்லாம் பல்லாக. "நிக்க நேரமில்லாம கடிக்குது! பெட்டி ரொம்பி வழியுது. இன்னும் நூறு படகு வந்தாலும் போதாது. வாங்க, எல்லாரும் வாங்க!"

பத்தே நிமிஷம். ஏரி சுத்தமாகக் காலியானது. பட்ச் மட்டும் போகும்போது, "என் காலை நேரத்தையே வீணாக்கிட்டியேடா!" என்று வைதுவிட்டுப் போனார்.

"அருமை!" என்று வாரன் வாய்விட்டுச் சொன்னார். ஒரு பொய்யை ரசித்துவிட்டோமே என்று உடனே வருந்தியதும் முகத்தில் தெரிந்தது.

மோட்டார் சத்தம் அடங்கியதும் ஆழம் காட்டுகிற திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் திரை முழுக்க. படகுக்கு நேர் கீழே, முப்பதடி ஆழத்தில், வால்ஐ மீன்கள் கூட்டமாக வந்து நின்றன. லாய்ட் தூண்டிலுக்காகக் கையை நீட்டினார். கையில் அந்தப் பந்துதான் அகப்பட்டது.

இருவரும் படகின் தரையில் மண்டியிட்டு முடிச்சு அவிழ்த்தார்கள். லாய்ட் அவிழ்க்க அவிழ்க்க அது இறுகியது. வாரன் மட்டும் பொறுமையாக, பரீட்சைத்தாள் திருத்துகிறவர் போல ஒவ்வொரு நூலாகப் பிரித்து, முக்கால் மணி நேரத்தில் ஒரு தூண்டிலை மீட்டார். இறக்கிய மறுகணமே கோல் வில்லாக வளைந்தது.

"பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன் சம்பந்தி!"

"விட்டுடாதீங்க! மெதுவா, மெதுவா!"

பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பின் வலைக்குள் வந்து விழுந்தது பெரிய மீன்தான். சாம்பல் நிறம், கூன் முதுகு. ஆட்டுத்தலை என்று ஊரில் பேர். கிடைத்தால் திட்டிவிட்டுத் திருப்பி எறிவதுதான் வழக்கம்.

"இது மீன்தானே?" என்றார் வாரன், மூச்சு வாங்க.

"மீன்தான்" என்றார் லாய்ட். அதற்கு மேல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, போட்டோ எடுத்துக்கொடுத்து, தண்ணீரில் விட்டார்.

மற்ற தூண்டில்கள் தயாரானபோது திரை வெறுமையாகியிருந்தது. மணி இரண்டு. ஐந்து மணிக்கு விருந்து.

லாய்ட் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்களால முடிஞ்சது இது ஒண்ணுதான் சம்பந்தி" என்றார். "நீங்க அவ்வளவு செய்யறீங்க. நான் மீனாவது போடணும்னு நெனச்சேன். இப்ப உங்க ஆளுங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியல."

வாரன் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து, பாதியை அவரிடம் நீட்டினார்.

"மொத தடவை உங்க வீட்டுக்கு வந்துட்டு மேகன் எனக்கு போன் பண்ணினா. 'அப்பா, இந்த வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க, ஒரே நேரத்துல சிரிக்கறாங்க'ன்னா. எங்க வீடு ரொம்ப அமைதிங்க. எம்பொண்ணுக்கு இந்த இடம் கிடைச்சதே எனக்குப் போதும். மீன் யாருக்கு வேணும்? கோழி வாங்கிப் போடுங்க. உள்ளதைச் சொல்லிடுங்க, பாரம் எறங்கிடும்."

அந்தத் தூரத்தில் செல்போன் வேலை செய்யாது. லாய்ட் ஒரு வாய் கடித்து விழுங்கிவிட்டு, ரேடியோவை எடுத்துக் கரையில் இருக்கும் தூண்டில் கடையைக் கூப்பிட்டார்.

"பெக்கக்கா, லாய்ட் பேசறேன். நடீன்கிட்ட சொல்லிடுங்க. ஒரு மீன்கூடக் கிடைக்கல. ஒண்ணுமே கடிக்கல. இருபத்து நாலு பேருக்குக் கோழி ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. என்னை மன்னிச்சுடச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கரகரப்பு. "கேட்டுக்கிட்டேன் லாய்ட். நடீன் மேஜை போட இங்கதான் வந்திருக்கா, சொல்லிடறேன். நீ பத்திரமா வந்து சேரு."

வாரன் சொன்னது சரிதான். பாரம் இறங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அந்த ரேடியோவில் தந்திரம் எதுவும் இல்லாமல் உண்மை பேசியது இதுதான் முதல் தடவை என்று லாய்டுக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. திரும்பும் வழியில் வாரனிடம் சுக்கானைக் கொடுத்து ஓட்டவிட்டார். சம்பந்திகள் இருவரும் பள்ளிக்கூடக் கதை, குழாய் ரிப்பேர்க் கதை எல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டே துறையில் நுழைந்தார்கள்.

துறையோரப் புல்வெளியில் நீள மேஜைகள். டில்மன் குடும்பம் மொத்தமும் தட்டோடு உட்கார்ந்திருந்தது. லாய்ட் எதிர்பார்த்ததைவிடத் தலைகள் அதிகம் தெரிந்தன. பட்ச் கழுத்தில் நாப்கின் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதித்து வாசனை வந்தது. படகுத் துறையின் முனையில் பெக்கக்கா ஒரு மூட்டை ஐஸோடு தயாராக நின்றாள்.

மாவு பூசின கையோடு, முகமெல்லாம் சிரிப்பாக, நடீன் ஓடி வந்தாள்.

"ஏங்க, எதுக்கும் இருக்கட்டும்னு உங்களுக்குத் தெரியாம போன வாரமே கோழிக்குச் சொல்லி வெச்சிருந்தேன், ஒண்ணுமே கடிக்கலன்னு நீங்க அழுததைக் கேட்டதும் அதை வேணாம்னுட்டு, இன்னும் இருபது பேரைக் கூப்பிட்டுட்டேன், சீக்கிரம் பெட்டியை எறக்குங்க!"