சம்பந்தி ஊர் இளைக்கலாமா?

சேந்தமங்கலம் பக்கம்,
மாசி, 1986.

மதிப்பிற்குரிய சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்குச் சின்னுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி சௌந்திரமும் எருமைகளும் சௌக்கியம். அங்கு நீங்கள் அளவுக்கு மீறிச் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சேலத்து டாக்டர்கள் நம் இரண்டு ஊரையும் எடை போட்டது நினைவிருக்கும். சர்க்கரை வியாதியைத் தடுக்கும் திட்டம் எங்கள் ஊருக்கு; உங்கள் ஊர் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. நாங்கள் இளைக்க வேண்டும், நீங்கள் வழக்கம்போல் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் முந்தினால் வாராவாரம் டாக்டர் இங்கேயே வருவார். சௌந்திரம் தன் சர்க்கரைக்கு மருந்து வாங்கச் சேலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதற்காகத்தான் இங்கே நடைச் சங்கம் வைத்து அதற்குத் தலைவராகவே ஆனேன்.

விடிகாலையில் நடந்தோம் சம்பந்தி, நடக்காமல் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு வாசலைப் பேசாமல் தாண்ட முடியுமா? ராசப்பன் வீட்டில் காப்பி குடித்தோம். அங்கே குடித்துவிட்டு அவர் பங்காளி வீட்டில் குடிக்காவிட்டால் வருத்தம் வராதா? அங்கே வெல்லக் கச்சாயப் பலகாரமும் வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மறுநாள் குப்பாயி பணியாரச் சட்டியோடு தெருவிலேயே நின்றாள். எனக்கு வேட்டி சுற்றப் போதவில்லை. நடுவில் எடை போட்டபோது ஊரே கனத்திருந்தது. நடக்க வராமல் தூங்கிய சென்றாயன் மட்டும் இளைத்திருந்தான்.

அது கிடக்கட்டும், நீங்கள் ஏன் இளைத்தீர்கள்? என் மகள் வசந்தாமணி இங்கே வந்தபோது சங்கத்து விதிகளைக் கேட்டு அங்கே வந்து சொன்னாளாம். எங்களிடம் தோற்கக் கூடாதென்று உங்கள் ஊரே சர்க்கரையில்லாக் காப்பி குடித்து, ஏரிக்கரை வரை நடக்கிறதாம். இது என்ன நியாயமுங்க? சும்மா இருங்கன்னு சொன்னா அதைக்கூடச் செய்ய மாட்டீங்களா?

அடுத்த வாரம் கடைசி எடை. இந்தக் கடிதம் வரும் லாரியிலேயே ஒரு டின் அதிரசம் வருகிறது. ஊருக்கே பங்கு வைத்து, சௌந்திரத்தை நினைத்துத் தின்னுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கும் வசந்தாமணிக்கும் பேரன் சாமிக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
சின்னுசாமி

பின்குறிப்பு: கடிதத்தை லாரி டிரைவரிடம் கொடுப்பதற்குள் எடை போடும் சேலத்து டாக்டரம்மா வந்துவிட்டார். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். "உங்க ஊர்ல சொன்னது அங்க பலிச்சிருக்கு, அதுவும் பலன்தானுங்க" என்றார். இனி வாரம் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே டாக்டர் வருவாராம். சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைக்காதீர்கள். டின் மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டது, இறக்க முடியவில்லை. தயவுசெய்து திறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எங்கள் சங்கம் உங்கள் ஊர் வரைக்கும் நடந்து வருகிறது. எங்களை வாசலோடு அனுப்ப உங்களுக்கு மனசு வராதென்று தெரியும்.